பொருள்: தாங்கள் அனுப்பாத கடிதம் – தொடர்பாக

அனுப்புநர்:
உளவியல் முனைவர் பட்ட ஆய்வுக்கு விண்ணப்பித்தவர்களில் ஒருத்தி,
ஒரத்தநாடு வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.

பெறுநர்:
ஆய்வுப் பிரிவு,
ஒரு பல்கலைக்கழகம்.
(பெயரைப் போட்டால் அழைப்பு வராதோ என்று பயம். இதுவரை போடாமல்தான் இருந்தேன், அப்போதும் வரவில்லை.)

பொருள்: நேர்காணல் அழைப்பு – வராமை – நன்றி தெரிவித்தல் – தொடர்பாக.

பார்வை: 1. தங்கள் சேர்க்கை அறிவிக்கை. 2. எனது விண்ணப்பம். 3. தாங்கள் அனுப்பாத கடிதம். எண் இல்லை, நாள் இல்லை.

ஐயா / அம்மையீர்,

பார்வை 3இல் கண்ட கடிதத்துக்கு இது பதில். வராத கடிதத்துக்குப் பதில் போடும் வழக்கம் அலுவலக நடைமுறையில் உண்டா என்று தெரியவில்லை. வந்த கடிதத்துக்குப் பதில் போடாத வழக்கம் இருக்கும்போது இதுவும் இருக்கலாம் என்று துணிந்து எழுதுகிறேன்.

முதலில் நன்றி. நான் அனுப்பிய ஆய்வு முன்மொழிவு தங்கள் நினைவில் இருக்க நியாயமில்லை. அதன் தலைப்பு 'காவிரி டெல்டா விவசாயக் குடும்பங்களில் காத்திருத்தலின் உளவியல்'. அதில் மேட்டூர் அணைத் திறப்புக்கு ஓர் அத்தியாயம், நெல் கொள்முதல் நிலையத்துக்கு ஓர் அத்தியாயம் என்று திட்டம் போட்டிருந்தேன். எழுதும்போது எனக்குப் புத்தக அறிவுதான் இருந்தது. தாங்கள் பெருந்தன்மையோடு களத்தையே என் வீட்டுத் திண்ணைக்குக் கொண்டுவந்து சேர்த்தீர்கள். சேர்க்கைக்கு முன்பே தரவு சேகரித்து முடித்த மாணவி இந்தியாவில் வேறு யாரும் இருக்க மாட்டாள்.

ஒரு சின்னக் குறை. மனிதர்களை வைத்து ஆய்வு நடத்தினால் அவர்களிடம் முன்கூட்டியே ஒப்புதல் வாங்க வேண்டும் என்று முதுகலை முதல் பருவத்திலேயே தாங்கள்தான் சொல்லிக்கொடுக்கிறீர்கள். என்னிடம் அப்படி எந்தப் படிவத்திலும் கையெழுத்து வாங்கவில்லை. விண்ணப்பக் கட்டணம் மட்டும் வாங்கினீர்கள். பங்கேற்பாளரே காசு கட்டும் ஆய்வு முறையைப் பற்றி எந்தப் பாடநூலிலும் நான் படித்ததில்லை.

மற்றபடி பாடநூலைத் தாங்கள் வரி பிசகாமல் பின்பற்றுகிறீர்கள். 1985இல் டேவிட் மைஸ்டர் வரிசையில் நிற்பவர்களின் மனநிலையைப் பற்றி எழுதினார். எவ்வளவு நேரம் என்று தெரியாத காத்திருப்பு, தெரிந்த காத்திருப்பைவிட நீளும்; காரணம் சொல்லப்படாத காத்திருப்பு, சொல்லப்பட்டதைவிட நீளும் என்றார். அவர் எழுதியது கடை நடத்துகிறவர்களுக்கு, வாடிக்கையாளர் முகம் சுளிக்காமல் இருப்பதற்காக. தாங்கள் இரண்டையும் செய்முறை விளக்கமாகவே எடுத்துக்கொண்டீர்கள்.

2016இல் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் 45 பேரை உட்காரவைத்து ஒரு கணினி விளையாட்டு நடத்தினார்கள். பாறைக்கு அடியில் பாம்பு இருக்கிறதா இல்லையா என்று ஊகிக்க வேண்டும். பாம்பு இருந்தால் கையில் வலிக்கும்படி மின் அதிர்ச்சி. அதிர்ச்சி நிச்சயம் என்று தெரிந்தவர்களைவிட, உண்டா இல்லையா என்று சரிபாதியில் தொங்கியவர்களுக்குத்தான் பதற்றம் உச்சத்தில் இருந்தது. இதைக் கண்டுபிடிக்க லண்டன் போயிருக்க வேண்டாம்; ராத்திரியில் வயலுக்குத் தண்ணீர் கட்டப் போகும் எங்கள் ஊர் ஆட்களைக் கேட்டிருந்தாலே சொல்லியிருப்பார்கள். தங்கள் இணையதளத்தில் என் விண்ணப்பத்துக்கு எதிரே 'பரிசீலனையில் உள்ளது' என்று நிற்கிறதே, அந்த இரண்டு சொற்கள்தான் என்னுடைய பாறை.

தொலைபேசியில் கேட்கலாமே என்பீர்கள். கேட்டேன். பெரும்பாலும் மணி அடித்து ஓய்ந்துவிடும். எடுத்தால், "செக்‌ஷன்ல கேளுங்க." செக்‌ஷனில் கேட்டால், "ஹெச்.ஓ.டி.யக் கேளுங்க." ஹெச்.ஓ.டி. அறையில், "சர்க்குலர் வரணும்மா." ஒரே ஒருமுறை யாரோ ஒரு புண்ணியவான், "அனேகமா அடுத்த வாரம் வந்துடும்" என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு வாக்கியம் போதும், பிறகு எத்தனை வாரமானாலும் நான் எண்களை அழுத்திக்கொண்டே இருப்பேன். எப்போதாவது, கணக்கில்லாமல் ஒரு தானியம் விழுந்தால் புறா விடாமல் கொத்திக்கொண்டே இருக்கும் என்று ஃபெர்ஸ்டரும் ஸ்கின்னரும் 1957இல் தடிமனாக ஒரு புத்தகமே போட்டார்கள். அந்தப் புண்ணியவானும் அதைப் படித்திருப்பார் என்று நினைக்கிறேன்.

விண்ணப்பத்தின் அச்சுப் பிரதியையும் 'பதிவுத் தபாலில் மட்டும்' அனுப்பச் சொல்லியிருந்தீர்கள். 2025 செப்டம்பர் 1 முதல் அஞ்சல் துறை பதிவுத் தபாலை விரைவுத் தபாலோடு சேர்த்துவிட்டது. எங்கள் ஊர் போஸ்ட் மாஸ்டர் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இல்லாத தபால்ல அனுப்பச் சொல்லியிருக்காங்களேம்மா" என்றார். விரைவுத் தபாலில் அனுப்பினேன். அழைப்பு வராததற்கு அதுதான் காரணமா? அதையாவது சொல்லலாம்.

இனி கணக்குக்கு வருகிறேன். 2024 ஜூன் 18ஆம் தேதி நெட் தேர்வை 9 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களோடு நானும் எழுதினேன். மறுநாளே ரத்து. வினாத்தாள் கசிந்துவிட்டதாக ஒரு ஸ்க்ரீன்ஷாட் சுற்றியது. அது தேர்வுக்குப் பின் திருத்திச் செய்த போலி என்று பிறகு சிபிஐ விசாரணையில் தெரிந்தது. மறுதேர்வும் எழுதி முடித்தோம். நடக்காத கசிவுக்காக நடந்த தேர்வை ரத்து செய்ததில் எனக்கு வருத்தம் இல்லை. உளவியல் மாணவிக்கு இதைவிட நல்ல பாடம் எங்கே கிடைக்கும்?

அந்த ஜூன் தேர்விலிருந்துதான் நெட் மதிப்பெண்ணையே முனைவர் பட்டச் சேர்க்கைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்றது யுஜிசி. உதவித்தொகை வட்டத்துக்குள் வராத என் போன்றவர்களுக்கு நெட் மதிப்பெண்ணுக்கு 70 விழுக்காடு, நேர்காணலுக்கு 30. அந்த மதிப்பெண் ஓராண்டுதான் செல்லும். என் முதல் மதிப்பெண் தங்கள் பரிசீலனையில் இருக்கும்போதே காலமானது. இப்போது இருப்பது மறுபடி எழுதி வாங்கியது, அதுவும் வயதாகிக்கொண்டிருக்கிறது. மதிப்பெண்ணுக்கு ஓராண்டு ஆயுள் விதித்தவர்கள் பரிசீலனைக்கும் ஓர் ஆயுளை விதித்திருக்கலாம்.

இடம் இல்லை என்றால் இல்லை என்று தெரிந்துகொள்ளவும் வழி தேடினேன். யுஜிசியின் 2022ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி பேராசிரியர் ஒருவர் எட்டுப் பேர், இணைப் பேராசிரியர் ஆறு பேர், உதவிப் பேராசிரியர் நாலு பேர் வரை ஆய்வாளர்களை வைத்துக்கொள்ளலாம். ஓய்வுபெற மூன்று ஆண்டுக்குள் இருப்பவர் புதிதாக யாரையும் சேர்க்கக் கூடாது. யாரிடம் யார் ஆய்வு செய்கிறார்கள் என்ற பட்டியலை இணையதளத்தில் போட்டு, ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். தங்கள் தளத்தில் அந்தப் பட்டியலைக் கண்டுபிடித்தேன். அதில் வழிகாட்டியாக இருக்கும் ஒருவருக்கு நடந்த பணிநிறைவுப் பாராட்டு விழாவின் படங்கள் அதே தளத்தின் முகப்பில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவருக்குக் கீழே எத்தனை இடம் காலி என்று கணக்கிட என் புள்ளியியல் போதவில்லை.

சம்பா அறுவடை முடிந்து இப்போது அப்பா கொள்முதல் நிலையத்தில் இருக்கிறார். என் இரண்டாவது அத்தியாயம். நெல்லைக் கொட்டி, தார்ப்பாய் போட்டு மூடி, ராத்திரி பக்கத்திலேயே கட்டில் போட்டுப் படுத்துவிடுகிறார். சாக்கு இல்லை, லாரி வரவில்லை, குடோனில் இடமில்லை என்று ஏதோ ஒன்று நாளுக்கு நாள் மாறும். 2025 அக்டோபர் மழையில் இதே டெல்டாவில் குறுவை நெல் நிலைய வாசலிலேயே நனைந்து முளைத்தது. ஈரப்பத வரம்பை 17இலிருந்து 22 விழுக்காடாக உயர்த்தக் கேட்டது மாநில அரசு, பார்த்துவிட்டுப் போக மத்தியக் குழு வந்தது. அந்த இடத்தைப் புகழ்ந்து ஒரு வார்த்தை எழுதுவேன் என்று நான் நினைத்ததே இல்லை. தாங்கள் எழுத வைத்துவிட்டீர்கள். அங்கே டோக்கன் உண்டு. கையளவு நெல்லைக் கருவியில் போட்டால் ஓர் எண் வரும். நேற்று அப்பா போனில் சொன்னார்: "பத்தொன்பது காட்டுதாம்மா. நாளைக்கி ஒரு வெயிலு காய வெச்சுக் கொண்டாந்தா எடுத்துக்கறேங்கிறான்." திருப்பி அனுப்புகிறார்கள்தான். என்ன குறை, எவ்வளவு குறை, என்ன செய்தால் சரியாகும் என்று மூன்றையும் சொல்லித் திருப்பி அனுப்புகிறார்கள். எனக்கு எத்தனை விழுக்காடு ஈரம் என்று தாங்கள் சொன்னால் நானும் வெயிலில் நிற்கத் தயார்.

மேட்டூரும் அப்படித்தான். ஜூன் 12 என்பது வழக்கமான தேதி. 2024இல் அணையில் தண்ணீர் இல்லை. ஜூலை 28இல்தான் திறந்தார்கள். குறுவை போடலாமா வேண்டாமா என்று எங்கள் தெருவே திட்டித் தீர்த்தது. ஆனால் ஜூன் 12 அன்று திறக்க மாட்டார்கள் என்பது ஜூன் 12க்கு முன்பே எல்லோருக்கும் தெரியும். அணையின் நீர்மட்டம் தினமும் பேப்பரில் வருகிறதே.

எங்கள் அத்தையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தங்கள் தாமதத்தால் நேரடியாகப் பாதிக்கப்பட்டவர் அவர். "பிஎச்டி பொண்ணுன்னா அதுக்குத் தக்கன மாப்ள பாக்கணும், இல்லேன்னா வேற மாதிரி பாக்கணும். எதுன்னு சீக்கிரம் கேட்டுச் சொல்லு" என்று தரகரையே நிறுத்தி வைத்திருக்கிறார். போன வாரம் என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "ஊரு மனசையெல்லாம் படிக்கப் போறேங்கிற. அந்த யூனிவர்சிட்டி மனசுல என்ன இருக்குன்னு தெரியலையாடி ஒனக்கு?" என்று கேட்டார். வாய்மொழித் தேர்வில் தாங்கள் கேட்கக்கூடிய எந்தக் கேள்வியும் இதைவிடக் கடினமாக இருக்காது.

வெளியூரில் எப்படி என்றும் விசாரித்தேன். அமெரிக்காவில் உளவியல் முனைவர் படிப்புக்கு விண்ணப்பித்தவர்களும் குளிர்காலம் முழுக்க நேர்காணல் அழைப்புக்காக மின்னஞ்சலைத் தட்டிக்கொண்டுதான் இருக்கிறார்களாம். அங்கே ஒரு வேடிக்கை: உதவித்தொகையோடு இடம் கிடைத்துவிட்டால், சேர்வதா வேண்டாமா என்று முடிவுசெய்ய மாணவருக்கு ஏப்ரல் 15 வரை அவகாசம் கொடுப்பது என்று பல்கலைக்கழகங்களே கூடி ஒப்புக்கொண்டிருக்கின்றன. அதாவது, மாணவர் பதிலுக்குப் பல்கலைக்கழகம் காத்திருக்கிறது! இதை அப்பாவிடம் சொன்னபோது அவர் நம்பவில்லை.

கேட் ஸ்வீனி என்ற உளவியலாளர் கலிஃபோர்னியாவில் வழக்கறிஞர் தேர்வு எழுதிவிட்டு முடிவுக்காக நான்கு மாதம் காத்திருந்த சட்டப் பட்டதாரிகளை ஆராய்ந்தார். பதறிப் பதறிக் காத்திருந்தவர்கள், கெட்ட செய்தி வந்தபோது சீக்கிரம் சுதாரித்துக்கொண்டார்கள். நல்ல செய்தி வந்தபோது மற்றவர்களைவிட அதிகம் மகிழ்ந்தார்கள். அப்படியானால் நான் நன்றாகவே காத்திருக்கிறேன் என்று அர்த்தம். அவர் ஆய்வில் ஒரே ஒரு வசதி, கடைசியில் ஏதோ ஒரு செய்தி வந்தது.

இத்தனையும் எனக்காக மட்டும் எழுதவில்லை. நிம்ஹான்ஸ் நடத்திய 2015–16 தேசிய மனநலக் கணக்கெடுப்பில் இந்தியாவின் வயதுவந்தோரில் 10.6 விழுக்காட்டினருக்கு மனநலப் பாதிப்பு இருந்தது. பாதிப்பைப் பொறுத்து 70 முதல் 92 விழுக்காட்டினர்வரை சிகிச்சையே பெறவில்லை. எங்கள் டெல்டாப் பக்கத்தை எடுத்துக்கொண்டால் 2004 ஜூலையில் கும்பகோணம் பள்ளித் தீ, அதே டிசம்பரில் நாகையில் சுனாமி, 2018இல் கஜா புயல். ஒவ்வொன்றுக்குப் பிறகும் கேள்வித்தாளோடு வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். இங்கேயே இருக்கிற ஒருத்தி கேள்வித்தாள் தயாரிக்க அனுமதி கேட்டால், அவளைப் பதினைந்து நிமிடம் எதிரே உட்காரவைத்துப் பார்க்க ஏன் இவ்வளவு யோசனை?

தாங்கள் வேலைப்பளு மிக்கவர்கள் என்பதை அறிவேன். எனவே தங்கள் சிரமத்தைக் குறைக்க, தாங்கள் எனக்கு அனுப்ப வேண்டிய கடிதத்தை நானே தட்டச்சு செய்து இணைத்திருக்கிறேன். 'தாங்கள் நேர்காணலுக்கு அழைக்கப்படுகிறீர்கள் / அழைக்கப்படவில்லை' என்று இருக்கும். பொருந்தாததை அடித்துவிட்டால் போதும். காரணம் எழுத மூன்று வரி இடம் விட்டிருக்கிறேன். பேனா மூடி திறக்கும் நேரம்தான் ஆகும். இரண்டில் எதை அடித்தாலும் நன்றியோடு ஏற்றுக்கொள்வேன்; 'அழைக்கப்படவில்லை' என்று வந்தால் அதற்கும் முன்மொழிவில் ஓர் அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறேன். இரண்டையும் அடிக்காமல் கோப்பில் வைப்பதுதான் தங்கள் விருப்பம் என்றால், கோப்பின் எண்ணையாவது அத்தைக்குத் தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
விண்ணப்பதாரர்

இணைப்பு:
1. தபால்தலை ஒட்டிய, என் முகவரி எழுதிய உறை.
2. மேற்படி கடிதம், இரு பிரதிகள் (ஒன்று தங்கள் கோப்புக்கு).
3. நெட் மதிப்பெண் சான்று நகல் (காலாவதியாகும் முன் பிரித்துப் பார்க்கவும்).

நகல்: அப்பா, நேரடி நெல் கொள்முதல் நிலையம் – தகவலுக்காக.