மாதிரி இன்ஜினும் மலைப்படியும்: ஓர் ஆய்வு

திருத்தணி மலைக்கு 365 படிகள். கோயில் வரை தார்ச்சாலையும் உண்டு. இருந்தும் ஆடிக்கிருத்திகைக்குத் தோளில் காவடியோடு ஆயிரக்கணக்கானோர் படியேறுகிறார்கள். கீழே அரக்கோணம்–ரேணிகுண்டா தடத்தில் மின்சார ரயில் மூச்சு வாங்காமல் போய் வருகிறது. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால் மாதிரி இன்ஜின் செய்வோரின் மனம் பிடிபட்டுவிடும் என்பது இக்கட்டுரையின் துணிபு. சின்ன லேத்தில் பித்தளை கடையும் ஆர்வலர் மின்சார இன்ஜினின் டிரான்ஸ்ஃபார்மரைச் செய்ய ஏங்குவதாகத் தெரியவில்லை. அவர் கை போவது நீராவி இன்ஜினுக்கு, இல்லாவிட்டால் ஸ்டெர்லிங் இன்ஜினுக்கு. காரணம் ஒன்றே: தான் படும் பாட்டை வெளியே காட்டும் இயந்திரத்தைத்தான் மனிதனுக்குப் பிடிக்கிறது.

நீராவி இன்ஜினில் ஒளிவுமறைவு குறைவு. பிஸ்டனின் இழுப்பையும் தள்ளலையும் கனெக்டிங் ராடு வாங்கிக்கொண்டு கிராங்க்கைச் சுற்றுவதை எதிரே நின்று பார்க்கலாம். போதாக்குறைக்கு, அளவைச் சுருக்கச் சுருக்க அதன் பாடு கூடுகிறது. நீள அகல உயரங்களைப் பத்தில் ஒன்றாக்கினால் பாய்லரின் பரப்பு நூறில் ஒன்று, கொள்ளளவோ ஆயிரத்தில் ஒன்று. ஆகவே உள்ளிருக்கும் ஒவ்வொரு சொட்டுத் தண்ணீருக்கும் சூடு தப்பியோடப் பத்து மடங்கு இடம். மோட்டார் அப்படியல்ல, விரல்நுனி அளவிலும் சொன்னபடி கேட்கும். சட்டைப்பையில் செல்போனை அதிரவைப்பது அதுதான். சொன்னபடி கேட்பதை யார் உட்கார்ந்து செய்வார்கள்?

பழங்கால ஏக்கம்தான் காரணம் என்பார்கள். அப்படியானால் ஸ்டெர்லிங் இன்ஜினை என்ன செய்வது? ராபர்ட் ஸ்டெர்லிங் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1816இல் காப்புரிமை கோரியது அது. அதில் ஒரு வகை, சூடான காபி டம்ளர் மேல் வைத்தாலே சுற்றும். அது இழுத்த ரயிலில் ஊருக்குப் போன தாத்தா நம்மில் யாருக்கும் இல்லை. எளிமைதான் காரணம் என்பது அடுத்த வாதம். இதில் பாதி உண்மை இருக்கிறது. புதிதாகத் தொடங்குகிறவர், சிலிண்டரே ஊசலாடி நீராவித் துளையைத் திறந்து மூடும் இன்ஜினைத்தான் எடுக்கிறார். தனி வால்வு வேண்டாம். ஆனால் எளிமை தேடியவர் அங்கேயே நின்றிருக்க வேண்டும். நிற்பதில்லை. பெல்ஜியத்து வால்ஷார்ட்ஸ் 1844இல் உருவாக்கிய வால்வு கியரின் கம்பிக் கூட்டத்தில் போய்த் தானாக மாட்டிக்கொள்கிறார். சாலை இருக்கப் படியேறுபவரிடம் எளிமை பற்றிப் பேசிப் பயனில்லை.

இது வேலையற்றோர் பித்து என்று ஒதுக்கவும் முடியாது. இந்திய ரயில்வேக்கே இருக்கிறது. திருச்சி பொன்மலைப் பணிமனை 2021இல் நீலகிரி மலைப்பாதைக்கு நிலக்கரியில் ஓடும் புதிய இன்ஜின் ஒன்றைச் செய்து கொடுத்தது. அந்த ரகத்தில் நான்கு சிலிண்டர்கள்: இரண்டு சக்கரத்துக்கு, இரண்டு தண்டவாள நடுவே பல்சட்டத்தைப் பற்றி ஏறும் பல்சக்கரத்துக்கு. மலையேற வேறு வழியில்லை என்ற சமாதானம் செல்லாது. சுவிட்சர்லாந்தின் பல்சக்கரப் பாதைகள் பெரும்பாலும் மின்சாரத்தில்தான் ஏறுகின்றன. முழு அளவில் செய்ததை மாதிரி என்று சொல்லலாமா என்று தணிக்கைத் துறை கேட்கலாம்; அது அளவு பற்றிய கேள்வி, விருப்பம் பற்றியது அல்ல. மின்சார இன்ஜினுக்கும் பித்தளை கடைகிற ரசிகர்கள் வேண்டுமென்றால், அதைத் தயாரிப்பவர்கள் முதலில் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றட்டும்.