மாறியுள் பல வரி வைத்தல்: ஒரு வியாக்கியானம்

ஷெல் நிரலில் ஒரு மாறிக்குள் பல வரிகளைச் சேமித்து வைத்தல் என்னும் இவ்வரிய விஷயத்தை, மாவட்டந்தோறும் சுற்றி நூல் எழுதிய சோமலெ பிறந்த நெற்குப்பையிலேகூட இதுகாறும் ஒருவரும் ஆராயாது விட்டது தமிழுலகின் துரதிருஷ்டமே என்று கருதி, அக்குறையை நிவர்த்தி செய்யத் துணிந்தேன்.

சரித்திரம் ஒரு வரியில் அடங்கும்: ஸ்டீபன் பார்ன் இயற்றிய ஷெல் 1979-இல் ஏழாம் பதிப்பு யூனிக்ஸுடன் வந்தது, பிரையன் ஃபாக்ஸின் பாஷ் 1989-இல் வந்தது.

இரட்டை மேற்கோளைத் திறந்து, எண்டர் விசையைத் தட்டித் தட்டி எழுதி, மூடிவிடுவது முதல் மார்க்கம். எளிதாக இருப்பதால் அறிஞர் இதைப் பொருட்படுத்துவதில்லை. ஓர் இறுதிச்சொல்லை முன்கூட்டியே அறிவித்து, அதுவரை உள்ள வரிகளைக் கேட் கட்டளைக்கு ஊட்டி, அதன் வெளியீட்டை மாறியில் பிடிப்பது இரண்டாம் மார்க்கம். இறுதிச்சொல்லாக ‘முற்றும்’ என்று தமிழிலேயே எழுதலாம். ஆனால் அதன் முன்னோ பின்னோ ஓர் இடைவெளி விழுந்தாலும் ஷெல் அதை முடிவென்று ஏற்காமல், ஆய்வரங்கத் தலைவர்கள் சிலரைப் போலவே, மேலே போய்க்கொண்டிருக்கும்.

வைப்பதில் விவாதம் இல்லை. எடுப்பதில்தான் சகல விவாதமும். கல்யாணச் சாமான் சிட்டை ஒன்றை, வெள்ளிச் சாமான் ஒரு வரி, மங்குச் சாமான் ஒரு வரி, பாய் ஒரு வரி என மாறியில் இட்டு, மேற்கோள் குறியின்றி எக்கோ கட்டளையிடம் கொடுத்தால், இடைவெளி, டேப், புதுவரி ஆகிய மூன்றையும் பேதமின்றிப் பிரிப்பான்களாகவே ஷெல் கொள்ளுவதால், வெள்ளியும் மங்கும் பாயும் ஒரே வரியில் வந்து நிற்கும். நகரத்தார் வீட்டில் மணமான பிள்ளை ஒவ்வொருவரும் தனிப்புள்ளி; வீடு ஒன்றாயினும் அடுப்பு வேறு. மேற்கோள் குறி இருக்கும்வரை மாறியும் அவ்வாறே. குறியை நீக்கிய கணத்தில் எல்லா அடுப்பும் ஓரடுப்பு.

இதனினும் விபரீதம் உடுக்குறி. வாங்கியாயிற்று என்பதற்கு அடையாளமாக மங்குச் சாமானுக்கு எதிரே ஓர் உடுக்குறியைத் தனியே இட்டிருந்தால், ஷெல் அக்குறியை அகற்றிவிட்டு, அப்போது நாம் இருக்கும் அடைவில் உள்ள கோப்புகளின் பெயர்களை அங்கே வரிசையாகப் பெய்துவிடும். இவை இடைச்செருகல் என்கிறார் முகப்பு உரைகாரர் (திண்ணை உரை, பக். 3). மூலபாடமே இவைதாம், சாமான்களே பிற்சேர்க்கை என்கிறார் வளவு உரைகாரர் (வளவு உரை, தூண் இயல், கிழக்கிலிருந்து நான்காம் தூண்). இருவரும் ஏட்டைப் பார்த்தவரல்லர் என்பது இரண்டாங்கட்டு உரைகாரரின் தீர்ப்பு (இரண்டாங்கட்டு உரை, தாழ்வார இயல், திரிகைக்கு வடபுறச் சுவரில் கரியால் எழுதியது, மூன்றாம் வரி, பிற்பகுதி வெள்ளையடிப்பில் மறைந்தது). அவரும் பார்த்ததாகச் சொல்லவில்லை.

உண்மையில், மாறிக்குள் உள்ள மூலம் அணுவளவும் பழுதுபடுவதில்லை. எடுத்துரைப்பவனே அதைப் பழுதாக்குகிறான். பிறர் வாக்கை மேற்கோள் குறியின்றி எடுத்தாளுவது நம் ஆராய்ச்சியுலகில் நெடுங்காலமாக நடந்துவரும் சம்பிரதாயம். அக்குற்றத்தைச் செய்த மாத்திரத்திலேயே, பலர் பார்க்கத் தண்டிக்கும் பரிசோதகர் நானறிந்தவரையில் ஷெல் ஒன்றுதான்.

இசட் ஷெல் மரபினர், தங்கள் மதத்தில் குறியில்லாமலும் வரி கலையாது என்பர். அவர்களோடு வாதிட எனக்கு விருப்பமில்லை. அவர்கள் சொல்வது சரி. கேட் வழியே பிடிக்கும்போது கடைசியில் உள்ள வெற்று வரிகள் உதிர்ந்துபோவதைப் பற்றித் தனி நூலே எழுதலாம், எழுத வேண்டாம்.

சிட்டையை மாறியில் வைத்திருக்கும் அன்பர்கள், மாறியின் டாலர் குறிக்கு முன்னொன்றும் பெயருக்குப் பின்னொன்றுமாக இரட்டை மேற்கோள் இட்டபின்னரே அதை அச்சிடுமாறு கேட்டுக்கொள்ளுகிறேன்.