அப்படித்தான் இருக்கும் சார்: புது ஜீப்பின் ஸ்டீயரிங் ஆட்டம் குறித்து ஓர் ஆராய்ச்சி

யாப்பில் தளை தட்டுவதைப் பற்றி நம் புலவர்கள் கட்டுக்கட்டாக எழுதிக் குவித்திருக்கிறார்கள். டை ராடு தட்டுவதைப் பற்றி அவர்கள் எழுதியதாகத் தெரியவில்லை. காடு மேடு ஆற்றுமணல் எல்லாம் ஏறி இறங்கும் என்ற விளம்பரத்தை நம்பி, கடன் வாங்கி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து எடுத்து வந்த புது ஜீப், நாலுவழிச் சாலையில் எண்பதைத் தொட்டதும் கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உலாத்துகிறதே, அது ஏன்? இக்குறையைப் போக்கவே இவ்வாய்வு எழுந்தது என்க. நுதலிய பொருள், ஆட்டம். கேட்போர், புது ஜீப் வாங்கியோர், வாங்கப் போவோர், வாங்கியவரின் மைத்துனர். பயன், ராத்தூக்கம்.

இனி நூற்பா.

நேர்வழி பிடித்தும் நில்லா தலைவது
ஆட்டம் என்ப அனுபவத் தோரே.

இதன் உரை: ஆட்டம் ஒன்றன்று, நான்கு. வளையத்தை அசைத்தும் சக்கரம் அசையாத தூரத்தை ஒர்க்‌ஷாப்பில் ‘பிளே’ என்பார்கள். வளையத்தைத் தொடாமலே வண்டி ஒருமுறை இடமும் ஒருமுறை வலமும் நகர்ந்தால் அது அலைச்சல். எப்போதும் ஒரே பக்கம் போனால் இழுப்பு. ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்ததும் முன்பக்கம் முழுக்கக் கிடுகிடுவென்று ஆடி, வேகத்தைக் குறைத்தால்தான் அடங்குமென்றால் உதறல். நான்குக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு. நான்கையும் சேர்த்து “வண்டி ஆடுதுங்க” என்று சொல்லி வண்டியை விட்டுவிட்டு வருபவருக்கு, வாட்டர் வாஷ் செய்து திருப்பித் தருவது மரபு.

இழுப்பை முதலில் தள்ளிவிடலாம். மழைத்தண்ணீர் வழிய வேண்டும் என்பதற்காகச் சாலையைச் சரிவாகப் போடுகிறார்கள்; தார்ச்சாலையில் நூறு சென்டிமீட்டர் அகலத்துக்கு 2, 2½ சென்டிமீட்டர் சரிவு வழக்கம். இடப்பக்கம் ஓட்டும் நாட்டில் எந்த வண்டியும் கையை எடுத்தால் மெல்ல இடப்பக்கம்தான் சாயும். இதற்காக மூன்று முறை அலைன்மெண்ட் பார்த்து மூன்று முறையும் காசு கொடுத்தவர்கள் உண்டு. சாலையை யாரும் அலைன்மெண்ட் செய்து தர மாட்டார்கள். காற்றையும் அப்படியே கழிக்க வேண்டும். உயரமான பெட்டி வண்டியை ஆடி மாதம் காவல்கிணறு தாண்டி முப்பந்தல் காற்றாலைகளுக்கு நடுவே ஓட்டிப் பார்த்து, ஸ்டீயரிங் சரியில்லை என்று தீர்ப்பு எழுதுவது ஆய்வு நெறிக்கு ஒவ்வாது.

ஆய்வு என்றால் வரலாறு ஒரு பத்தியாவது இருக்க வேண்டும். வளைவில் உள்பக்கச் சக்கரம் வெளிப்பக்கச் சக்கரத்தைவிடச் சற்று அதிகம் திரும்ப வேண்டும் என்ற அமைப்பை 1817 வாக்கில் யோசித்தவர் மூனிச் நகர வண்டி செய்பவர் கியார்க் லாங்கன்ஸ்பெர்கர். 1818இல் லண்டனில் அதற்குக் காப்புரிமை வாங்கியவர் அவருடைய ஏஜென்ட் ருடால்ஃப் ஆக்கர்மன். இன்றைக்கும் உலகம் அதை ஆக்கர்மன் அமைப்பு என்றே சொல்கிறது. இவ்வளவு பெரிய கமிஷனை எந்த ஏஜென்டும் அடித்ததில்லை. நமக்கு வேண்டிய செய்தி வேறு: அது குதிரை வண்டிக்காகச் செய்தது. திரும்புவதைப் பற்றித்தான் அவர்கள் கவலைப்பட்டார்கள். நேராகப் போவது குதிரையின் பொறுப்பு.

இப்போது குதிரை இல்லை. பொறுப்பு யாருடையது என்பதில்தான் பள்ளிகள் பிரிகின்றன.

முதலாவது ஷோரூம் பள்ளி. இதன் மூல வாக்கியம், “அப்படித்தான் இருக்கும் சார்.” உலக இலக்கணங்களில் இதைப் போலச் சுருக்கமும் விரிவும் ஒருங்கே அமைந்த சூத்திரம் அரிது. மைலேஜுக்கும் பொருந்தும், கதவு மூடாததற்கும் பொருந்தும், ஏ.சி.யில் வரும் நாற்றத்துக்கும் பொருந்தும். ‘அப்படி’ என்றால் எப்படி, எதுவரை, என்று மட்டும் கேட்கக் கூடாது. இரண்டாவது தாத்தா பள்ளி. “எங்க காலத்துல கால் சுத்து சும்மா சுத்தும், அப்புறந்தான் வண்டி திரும்பும், நாங்க ஓட்டலையா?” என்பது இதன் கொள்கை. இது வெறும் பெருமையன்று. 1941இல் வந்த வில்லிஸ் ஜீப்பிலும், பின்னால் மஹிந்திரா பல்லாண்டுகள் கட்டிய சி.ஜே. 3பி ஜீப்பிலும் முன்பக்கத்தில் பெல் கிராங்க் என்றொரு துண்டு இருக்கும். ஸ்டீயரிங் பெட்டியிலிருந்து வரும் தண்டு அதைத் தள்ளும். அது டை ராடுகளைத் தள்ளும். அதன் ஊசி பேரிங் தேய்ந்தால் தாத்தா சொன்ன கால் சுற்று வரும். ஆனால் அவர் சொல்வது ஓடித் தேய்ந்த வண்டியைப் பற்றி, பிளாஸ்டிக் உறை பிரிக்காத சீட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு அது ஆறுதல் ஆகாது. மூன்றாவது மைத்துனர் பள்ளி. எந்தக் கோளாறாக இருந்தாலும் பெரிய டயர் போடச் சொல்வது இதன் துணிபு.

ஷோரூம் பள்ளியின் கூற்றில் பாதி உண்மை என்பது இவ்வாய்வின் கொள்கை. அந்தப் பாதியை முதலில் சொல்லிவிடுவோம். ஜிம்னி, ராங்லர் போன்ற வண்டிகளில் முன்சக்கரம் இரண்டும் ஒரே அச்சில் பூட்டியவை. (2020இல் வந்த மஹிந்திரா தாரில் முன்சக்கரங்களுக்குத் தனித்தனி சஸ்பென்ஷன், அதை வைத்திருப்பவர்கள் இந்தப் பத்தியை வேடிக்கை பார்க்கலாம்.) ஒரு சக்கரம் பாறையில் ஏறினால் அச்சு சாய்ந்து மற்றச் சக்கரத்தைத் தரையில் அழுத்தும். மலைப்பாதையில் இது வரம். தார்ச்சாலையிலோ இடப்பக்கக் குழியின் சேதி வலப்பக்கச் சக்கரத்துக்கும் உடனே போய்விடும். ஸ்டீயரிங்கும் சாதாரணக் காரில் இருக்கும் ரேக் அண்ட் பினியன் அன்று, ரீசர்குலேட்டிங் பால் பெட்டி. உள்ளே ஒரு திருகுத் தண்டு, அதன்மேல் ஊரும் நட், இரண்டுக்கும் நடுவே உருளும் எஃகுக் குண்டுகள், நட் தள்ளும் பல், பல்லின் தண்டில் பிட்மேன் ஆர்ம். அங்கிருந்து டிராக் லிங்க், டை ராடு, நக்கிள், கடைசியாகச் சக்கரம். கைக்கும் தரைக்கும் இடையே இத்தனை பேர் நின்று சேதி சொன்னால் சேதி சற்றுத் தாமதமாகத்தான் வரும். வேண்டுமென்றேதான் இப்படி வைத்திருக்கிறார்கள். சக்கரம் கல்லில் மோதும் அடி அப்படியே கைக்கு வந்தால் வளையம் வெடுக்கென்று சுழன்று விரலை முறித்துவிடும். கல்பாதையில் கட்டைவிரலை வளையத்துக்குள் விடாதே என்பது பழைய ஜீப் ஓட்டுநர்கள் சொல்லித் தரும் முதல் பாடம். இதோடு புது ஆல் டெரெய்ன் டயரின் ஆழமான கட்டைகள் வேறு வேகத்தில் வளைந்து நெளியும். கொஞ்சம் தேய்ந்தபின் அடங்கும்.

சட்டமும் ஷோரூம் பக்கம் சாய்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989இல் 98ஆம் விதி, ஸ்டீயரிங்கில் 30 டிகிரிக்கு மேல் பிளே இருக்கக் கூடாது என்கிறது. முப்பது டிகிரி என்பது கடிகாரத்தில் பன்னிரண்டிலிருந்து ஒன்று. 38 சென்டிமீட்டர் விட்டமுள்ள வளையத்தில் விளிம்பை அளந்தால் ஏறக்குறைய 10 சென்டிமீட்டர், ஒரு சாண் அளவில் பாதி. புது ஜீப்பில் இவ்வளவு பிளே இருந்தால் ஷோரூம் வாசலைத் தாண்டுவதற்கே துணிச்சல் வேண்டும். ஆனால் சட்டப்படி அது குற்றமில்லை. விதி லாரிக்கும் பஸ்ஸுக்கும் சேர்த்து எழுதியது, அதைப் பிடித்துக்கொண்டு வாதாட முடியாது.

மற்றப் பாதி பொய். அதைக் கண்டுபிடிப்பதற்குச் செலவு அதிகமில்லை. ஒழுங்கு மட்டும் முக்கியம்.

முதலில் காற்று. தொழிற்சாலையிலிருந்து லாரியில் ஏறி வந்து யார்டில் நாள்கணக்கில் நிற்கப் போகும் வண்டிக்கு டயரில் காற்றை அதிகம் ஏற்றி அனுப்புவது உண்டு. டெலிவரிக்கு முன் அதை இறக்க வேண்டியவர் மறந்தால், டயர் நடுப்பகுதியில் மட்டும் நின்று ஓடும், வண்டி வழுக்கிக்கொண்டு அலையும். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர். அதில் உள்ள அளவைப் பார்த்து, டயர் சூடாவதற்கு முன் காற்று வைத்தாலே சிலருடைய ஆய்வு அத்துடன் முடிந்துவிடும்.

அடுத்து டோ. முன்சக்கரங்கள் இரண்டும் மேலிருந்து பார்த்தால் நூலளவு உள்நோக்கி நிற்க வேண்டும். வெளிநோக்கி நின்றால் ஒவ்வொரு சக்கரமும் தன் பக்கம் போகப் பார்க்கும், யார் ஜெயிக்கிறார்களோ அந்தப் பக்கம் வண்டி போகும். இதைத் திருத்துவது எளிது. காஸ்டர் அப்படியன்று. சைக்கிளில் கையை விட்டு ஓட்டியவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை: முன்ஃபோர்க் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால்தான் சக்கரம் தானாக நேராகிறது. ஜீப்பிலும் அந்தச் சாய்வுதான் வளையத்தை நடுவுக்குத் திருப்புகிறது. மைத்துனர் பள்ளியினர் இரண்டு அங்குல லிஃப்ட் கிட் மாட்டியதும் முன் அச்சு முன்பக்கமாகச் சுழன்று அந்தச் சாய்வு குறைகிறது. வண்டி உயர்ந்தது, நேராகப் போகும் புத்தி போயிற்று. லிஃப்ட் போட்ட வண்டிக்குக் காஸ்டரைச் சரிசெய்யாமல் டோ மட்டும் பார்த்துக் கொடுக்கும் அலைன்மெண்ட் கடைகள் ஏராளம். காஸ்டர் எண்ணைப் பிரிண்ட் எடுத்துத் தரச் சொல்லுங்கள்.

இனி கிடப்பு ஆய்வு. இதற்கு இருவர் வேண்டும். ஒருவர் என்ஜினை ஓட விட்டு, கியர் நியூட்ரலில் கைப்பிரேக் போட்டு, நாலு சக்கரமும் தரையில் நிற்க, வளையத்தை விரற்கடை அளவு இடம் வலமாக அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். மற்றவர் கோணிப்பையை விரித்து வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு மூட்டிலும் விரலை வைத்தால் கண்ணுக்குத் தெரியாத ஆட்டமும் விரலில் படும். டிராக் பார் முனைகளை விடாதீர்கள். அச்சைச் சட்டத்தோடு பக்கவாட்டில் கட்டி வைத்திருப்பது அந்தத் தண்டுதான். அதன் போல்ட் முழுசாக இறுகாமல் இருந்தால், வளையம் திரும்பும்போது சக்கரம் திரும்புவதற்கு முன் அச்சே ஒரு மில்லிமீட்டர் நகர்ந்து ‘டக்’ என்று சத்தம் போடும். தொழிற்சாலையில் போல்ட்டை இறுக்கியதும் நட்டிலும் சட்டத்திலும் சேர்த்து மார்க்கரில் ஒரு கோடு போடுவார்கள். அந்தக் கோடு நடுவில் உடைந்து விலகியிருந்தால் போல்ட் கழன்றிருக்கிறது என்று அர்த்தம். பெரிய கண்டுபிடிப்புகள் பல இந்தக் கோணிப்பையில் படுத்தே செய்யப்பட்டவை என்பது என் துணிபு.

எல்லா மூட்டும் திடமாக இருந்தால் மட்டுமே பெட்டியைச் சந்தேகிக்கலாம். அப்படிச் சந்தேகித்துச் சரியாகப் போனதற்கு ஒரு வழக்கு உண்டு. 2018 மாடலாக வந்த ஜே.எல். ராங்லரில் எடையைக் குறைக்க ஸ்டீயரிங் பெட்டியின் உறையை அலுமினியத்தில் வார்த்தார்கள். நெடுஞ்சாலையில் வண்டி அலைகிறது, நடுவில் பிடிப்பில்லை என்று அமெரிக்க உரிமையாளர்கள் பலர் சொன்னார்கள். சூட்டில் அலுமினியம் எஃகைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும், உள்ளே இருப்பதோ எஃகு உறுப்புகள். அது காரணமோ என்னவோ, பின்னால் நிறுவனமே டீலர்களுக்குச் சர்வீஸ் அறிக்கை அனுப்பி, புகார் சொன்னவர்களுக்கு இரும்பு உறையுள்ள பெட்டியை மாற்றித் தரச் சொன்னது. அதுவரை அவர்களும் கேட்டது ‘அப்படித்தான் இருக்கும்’ என்பதன் ஆங்கில வடிவம்தான்.

பெட்டியின் தலையில் ஒரு திருகும் பூட்டு நட்டும் இருக்கும். அதைக் கொஞ்சம் இறுக்கினால் பிளே போய்விடும் என்று ஒவ்வொரு ஊரிலும் ஒரு மெக்கானிக் சொல்வார். போகும்தான். அதோடு வளையம் தானாக நடுவுக்குத் திரும்புவதும் போகும், நாளடைவில் பல்லும் போகும். புது வண்டியில் யாரையும் அந்தத் திருகைத் தொட விடாதீர்கள். ஸ்டீயரிங் டேம்பர் மாற்றுவதும் இதே வகை. அது உதறலை மூடி வைக்கும், மூட்டில் உள்ள தளர்வைச் சரிசெய்யாது.

கடைசி உறுப்பு ஓட்டுநர். சின்ன ஹேட்ச்பேக்கில் விரல் நுனியால் ஓட்டிப் பழகியவர் ஜீப்பில் ஏறி, அது நூலளவு நகர்ந்ததும் திருத்துவார். திருத்தம் தாமதமாகப் போய்ச் சேரும். அதற்குள் இன்னொரு திருத்தம். வண்டி அலைவதாக நினைத்து அலைக்கழிப்பவரே அவர்தான். தோளைத் தளர்த்தி, பார்வையைத் தூரத்தில் வைத்து, வண்டி தன்பாட்டுக்குச் சிறிது நகர விட்டால் ஒரு சில நூறு கிலோமீட்டரில் கை பழகிவிடும். காற்று சரி, அலைன்மெண்ட் சரி, மூட்டு சரி, கையும் பழகியாயிற்று, இன்னும் அலைகிறதென்றால் அது கோளாறு.

அப்போது சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். அட்வைசரைப் பக்கத்தில் உட்கார வைத்து நீங்களே ஓட்டிக் காட்டுங்கள்; அவர் ஓட்ட நீங்கள் உட்கார்ந்தால் வண்டி ஒழுங்காகத்தான் போகும். அவர் இறங்கி “அப்படித்தான் இருக்கும் சார்” என்றால் சண்டை போட வேண்டாம். அந்த வாக்கியத்தையே ஜாப் கார்டில், கிலோமீட்டரும் தேதியும் போட்டு, கையெழுத்தோடு எழுதித் தரச் சொல்லுங்கள். வாரண்டி முடிவதற்குள் உங்கள் கையில் இருக்க வேண்டிய காகிதம் அது ஒன்றுதான்.