மேற்படிக் குறியும் பழைய கட்டுகளும்: லாக் சுழற்சி குறித்து ஓர் ஆய்வு

லாக் கோப்பு என்பது கணினி தன் பாட்டுக்கு எழுதிக்கொண்டே போகும் நாட்குறிப்பு. எதுவும் பழுதாகாத வரை அதை யாரும் படிப்பதில்லை. கல்வராயன்மலை ஒன்றியத்தின் தலைமையிடமான வெள்ளிமலையில் யூனிக்ஸ் வகைக் கணினி ஒன்று ஓடுவதாக வைத்துக்கொண்டால், மழைக்காலத்தில் அதன் லாக்கில் ‘இணைப்பு போனது’, ‘இணைப்பு வந்தது’ என்ற இரண்டு வரிகளே பக்கம் பக்கமாக நிரம்பும். கவனிக்காமல் விட்டால் வட்டு நிரம்பிவிடும். அப்போது வட்டு நிரம்பிய செய்தியை எழுதவும் இடம் இருக்காது.

இந்தச் சிக்கல் கணினிக்கு முந்தியது. 1993இல் தென்னாற்காட்டிலிருந்து விழுப்புரம் பிரிந்தது. 2019 நவம்பர் 26இல் விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சி பிரிந்தது. மாவட்டம் எத்தனை முறை பிரிந்தாலும் கட்டு கட்டாகக் கோப்பு இருக்கும். அதை எவ்வளவு காலம் வைப்பது என்ற கேள்வியும் இருக்கும். பழைய சென்னை மாகாண அலுவலக நடைமுறை இதற்கு விடை வைத்திருந்தது. முடிந்த கோப்பு எல்.டிஸ். என்றால் ஓராண்டு, கே.டிஸ். என்றால் மூன்றாண்டு, டி.டிஸ். என்றால் பத்தாண்டு, ஆர்.டிஸ். என்றால் நிரந்தரம். மூன்றாண்டு முடிவைத் தமிழில் ‘மூ.மு.’ என்று எழுதுவார்கள். 1990களில் ரெட் ஹாட் நிறுவனத்தில் எரிக் ட்ரோன் முதலியோர் எழுதிய லாக்ரொட்டேட், லாக்கைச் சுழற்றும் நிரல்; அதாவது பழைய கோப்பை எண்ணிட்டு ஒதுக்கிவிட்டுப் புதியதைத் தொடங்கி வைக்கும். அதன் வழக்கமான அமைப்பு ‘வாரம் ஒரு முறை, நான்கு பிரதி’ என்று மட்டுமே சொல்கிறது. நிலத் தகராறு எது, விடுப்பு விண்ணப்பம் எது என்று எழுத்தருக்குத் தெரியும், நிரலுக்குத் தெரியாது. இந்த ஒரு விஷயத்தில் பதிவறை ஒரு படி மேல்.

சுழற்றும் வேலை கடைசியிலிருந்து தொடங்குகிறது. மூன்றாம் எண் கோப்பு நான்காகிறது, பிறகு இரண்டு மூன்றாகிறது, ஒன்று இரண்டாகிறது, கடைசியாக நடப்புக் கோப்பு ஒன்றாகிறது. கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலை செல்லும் பேருந்தில் மூவர் இருக்கையில் நான்காமவர் உட்கார வந்தால் நடப்பதும் இதுதான். சன்னலோரத்தவர் முதலில் நகர வேண்டும். இந்தப் பக்கத்தவர் முந்தினால் ஒருவர் மடியில் ஒருவர். கணினியில் மடி கிடையாது என்பதால் பழையதன் மேல் புதியது எழுதப்பட்டு, பழையது போய்விடும்.

பெயர் மாறிவிட்டால் போதும் என்று நினைப்பது பிழை. எழுத்தர் எழுதிக்கொண்டிருக்கும் பதிவேட்டின் அட்டையில் மட்டும் ‘பழையது’ என்று சீட்டு ஒட்டிவிட்டு, பக்கத்தில் புதிய பதிவேட்டை வைத்தால் அவர் என்ன செய்வார்? தலை நிமிராமல் பழையதிலேயே எழுதுவார். யூனிக்ஸ் நிரலும் அப்படித்தான்: திறந்து வைத்திருக்கும் கோப்பைப் பெயரைக் கொண்டு அறிவதில்லை, ஐநோடு என்ற உள் எண்ணைக் கொண்டு அறிகிறது. அதனால் சுழற்றி முடித்ததும் ‘ஹப்’ என்ற சமிக்ஞையால் நிரலின் தோளைத் தட்ட வேண்டியிருக்கிறது. தட்டாமல் பழையதை அழித்துவிட்டாலோ, பட்டியலில் கோப்பு இருக்காது, வட்டில் இடமும் திரும்பி வராது. சிலர் இந்தக் கணக்கு இடிப்பதைக் கண்டு ராத்திரி முழுக்க விழித்திருப்பதுண்டு. கடைசியாகச் சுழன்ற கோப்பைச் சுருக்காமல் ஒரு சுற்று தள்ளிப்போடும் வசதியும் இந்த மெத்தன எழுத்தருக்காகவே.

சுருக்குதலைத் தமிழர்க்கு விளக்க அதிகம் பாடுபட வேண்டியதில்லை. ‘மேற்படி’ என்பதற்கு நம் கணக்குகளில் ௸ என்று ஒரே குறி உண்டு. யூடிஎஃப்-8 முறையில் ‘மேற்படி’ என்ற சொல் 21 பைட். ௸ வெறும் 3 பைட். 1992இல் ஜான்-லூ கெய்லியும் மார்க் ஆட்லரும் வெளியிட்ட ஜிஸிப் என்ற சுருக்கு நிரல், லெம்பெலும் ஸிவும் 1977இல் சொன்ன வழியில் இதையே செய்கிறது. வந்த வரி மறுபடி வந்தால் அதை எழுதாமல், ‘இத்தனை எழுத்து பின்னால் போ, இத்தனை எழுத்து எடு’ என்று குறித்துக்கொள்கிறது. பின்னோக்கும் தூரம் 32 கிலோபைட். வெள்ளிமலைக் கணினியின் மழைக்கால லாக்கில் இரண்டே வரிகள்தான், ஆதலால் அது அப்பளம் நொறுங்குவதுபோல் சுருங்கும். ஏற்கெனவே சுருக்கிய படமோ கோப்போ அப்படிச் சுருங்காது. அதில் சொல்ல ஒரு மேற்படியும் இல்லை.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. முதல் வரியைக் கரையான் தின்றுவிட்டால் கீழே வரிசையாக நிற்கும் ௸ அத்தனையும் அநாதை. ஜிஸிப் கோப்பிலும் நடுவில் சேதம் வந்தால், அதற்கப்புறம் உள்ளவற்றை மீட்பது பெரும்பாடு. சேதமில்லாத கட்டை அவிழ்க்காமலே உள்ளே தேடுவதற்கு ஸிகிரெப் என்ற கட்டளை இருக்கிறது. பதிவறையில் அந்த வேலையை எழுத்தரின் நினைவு செய்கிறது, அவர் இடமாறுதலாகும் வரை.

நான்காம் பிரதியின் முறை வந்ததும் லாக்ரொட்டேட் அதை அழிக்கிறது. பழைய பேப்பர்க் கடையும் இல்லை, எடைக்கல்லும் இல்லை. எந்த லாக்கை எப்போது கடைசியாகச் சுழற்றியது என்பதைத் தனியே ஒரு சிறு கோப்பில் குறித்துக்கொள்கிறது. ஒரு லாக்குக்கு ஒரு வரி, ஒரு தேதி. அந்தக் கோப்பு சுழற்றப்படுவதில்லை. ஒவ்வொரு முறையும் முழுதாகத் திரும்ப எழுதப்படுகிறது.