சாயம் பார்க்காத சாரதிகள்

கார் பந்தய விளையாட்டில் தோற்றவர் எவரும் தன் கையைக் குறை சொல்வதில்லை. ஸ்டியரிங்கைத் திருப்பியும் கார் நேரே வேலியைப் பார்த்துப் போனால் அண்டர்ஸ்டியர். வாலை வீசிச் சுழன்றால் ஓவர்ஸ்டியர். பழி காருக்குத்தான். உடனே செட்டிங் பக்கத்தைத் திறந்து ஸ்பிரிங்கை இறுக்கி, டயர் காற்றைக் குறைத்து, பின் இறக்கையை உயர்த்தி, பிரேக்கை முன்னுக்குத் தள்ளுவார்கள். அடுத்த சுற்றில் அரை செக்கன் குறைந்தால் மேதை, கூடினால் விளையாட்டில் கோளாறு. நாலில் எது வேலை செய்தது என்று மட்டும் கேட்கக்கூடாது. நோர்வூட்டில் தேயிலைக்கு நடுவே வாழ்கிறவர்கள் நாலையும் ஒன்றாய் மாற்றும் இந்தத் தப்பைச் செய்யலாமா? தேயிலையை ருசி பார்ப்பதற்கென்று சர்வதேச முறை இருக்கிறது: 100 மில்லி கொதிநீருக்கு 2 கிராம் தூள், 6 நிமிடம். எல்லாக் கோப்பைக்கும் அதே அளவு, அதே நேரம். தூள் மட்டுந்தான் வேறு. அதனால்தான் சாயத்தின் குறை தூளுடையது என்று துணிந்து சொல்ல முடிகிறது.

காரிலும் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் தொடவேண்டும். டயர் மேல் பாரம் இரட்டித்தால் பிடி இரட்டிப்பதில்லை. அதைவிடக் குறைவாகவே கூடும். முன் ஆன்டி-ரோல் பாரை (கார் சாய்வதைக் குறைக்கும் கம்பி) இறுக்கினால் வளைவில் வெளிப்பக்க முன் டயர் அதிகப் பாரம் வாங்கி, முன்பக்கத்தின் மொத்தப் பிடி குறைகிறது. கார் நேரே போகப் பார்க்கிறது. பின் பாரை இறுக்கினால் வால் இளகும். இரண்டையும் சேர்த்து இறுக்கிவிட்டு "ஒரு மாற்றமும் தெரியலையே" என்பவரை என்ன செய்வது? கார் எங்கே முரண்டு பிடிக்கிறது என்பதும் முக்கியம். வளைவுக்குள் நுழையும்போதென்றால் முதலில் பிரேக்கைப் பாருங்கள், வெளியேறும்போதென்றால் டிஃபரென்ஷியலை.

உலக சாதனைக்காரரின் செட்டிங்கை அப்படியே போட்டால் போதாதா என்பார்கள். அவர், கார் வால் வீசுவதற்கு முன்பே ஸ்டியரிங்கை எதிர்த்திசையில் திருப்பும் ஆள். நாம் சுழன்று முடிந்தபின் திருப்புகிறோம். மஸ்கெலியா ரோட்டு பஸ் சாரதி எந்த செட்டிங்கைத் தொட்டார் என்று சிலர் கேட்பது இன்னும் கெட்டித்தனமானது. அவருக்கு ரோட்டும் வளைவும் தினமும் ஒன்றே. மாறுவது சனக்கூட்டம் மட்டும். "பின்னுக்குப் போங்க, பின்னுக்குப் போங்க" என்று கத்தும் கண்டக்டர், தன்னையறியாமல் பாரத்தைப் பின் அச்சுக்கு மாற்றுகிறார். பஸ்ஸின் நடை எப்படி மாறுகிறது என்று சாரதியின் கைக்குத் தெரியும். இதைவிடச் சுத்தமான சோதனை எந்த விளையாட்டிலும் இல்லை. நிஜப் பந்தயத்தைத்தான் நம்புவேன் என்பவருக்கு, நுவரெலியாவில் 1934இல் தொடங்கிய மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் இருக்கிறது. அங்கே எல்லாரும் ஏறுவது ஒரே ரோட்டில்தான்.

ஆகவே இன்றிரவு டயர் சூடேறும்வரை ஓட்டுங்கள். பிறகு பின் பாரை மட்டும் ஒரு படி இளக்கி, அதே பாதையில் ஐந்து சுற்று போங்கள். இறக்கையைத் தொடாதீர்கள்.