ஒரு டன் குளிர்

அப்பாவின் கட்டுமரத்தில் ஏசி இருந்தது. அப்போது ராயபுரம் கடலில் பாய் விரித்த மரங்கள் ஓடின. பருத்திப் பாய் காய்ந்திருந்தால் காற்று இழைக்குள் நுழைந்து போய்விடும். நனைத்தால் நூல் ஊறி இடுக்கு அடையும், மரம் பாயும். கடல் தண்ணீரை வாரி வாரிப் பாய்மேல் அடிப்பது என் வேலை. பாதி என் தலையில் விழும். அதுதான் ஏசி. கரன்ட் பில் கிடையாது, தோள்வலி உண்டு.

அக்கா மகனுக்கு இப்போது லாஞ்ச். காசிமேட்டில் கட்டிக் கிடக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். இஞ்சின் பிரிப்பது, பெயின்ட் அடிப்பது எல்லாம் அப்போதுதான். போன மே மாதம் சக்கரம் வைத்த ஒரு பெட்டியை ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினான்.

"இன்னாடா இது, பீரோவா?"

"ஏசி மாமா. ஒரு டன்னு. வீல் அவுசுல வெச்சா டிரைவரு குளுகுளுன்னு ஓட்டுவாரு."

"ஒரு டன்னா? எத்தினி பார் ஐஸு?" என்று கேட்டார் அப்பா.

அவன் சிரித்தான். சிரித்திருக்கக் கூடாது. அந்த டன் பனிக்கட்டிக் கணக்குதான்: 907 கிலோ ஐஸ் 24 மணி நேரத்தில் கரைய எவ்வளவு சூடு வேண்டுமோ, அவ்வளவை இழுக்கும் இயந்திரம் ஒரு டன் ஏசி. ஐம்பது கிலோ பார் என்றால் பதினெட்டு. அமெரிக்கக் குளங்களில் வெட்டிய ஐஸை மரத்தூளில் பொதிந்து ஃபிரடெரிக் டியூடர் என்கிற வியாபாரி பாய்மரக் கப்பலில் மெட்ராசுக்கு அனுப்பினார். அதை வைக்க 1842இல் எழுந்த ஐஸ் ஹவுஸ்தான் இன்றைய விவேகானந்தர் இல்லம். படகில் குளிர் ஏற்றுவது எங்கள் வீட்டுப் பையன் கண்டுபிடித்ததல்ல. எங்கள் லாஞ்சிலும் டன் டன்னாகக் குளிர் ஏறும், மீனுக்கு. வஞ்சிரம் ஐஸில் சொகுசாகப் படுத்து வரும்; ஆட்கள் மேலே இஞ்சின் சூட்டில் வேகுவார்கள்.

வீல் அவுசு ஜன்னலைத் தெர்மோகோலால் அடைத்து, யானைத் தும்பிக்கை மாதிரிக் குழாயை வெளியே விட்டான். அங்கேதான் வம்பு. இந்தப் பெட்டி உள்ளே இருக்கிற காற்றையே எடுத்து, சூட்டை அதன் தலையில் ஏற்றி, வெளியே தள்ளும். தள்ளிய அளவுக்கு வேறு காற்று வந்தாக வேண்டும். வீல் அவுசில் பலகைக்குப் பலகை இடுக்கு. மே மாதத்துக் காசிமேட்டுக் காற்று, டீசலும் கருவாடும் மணக்க, விருந்தாளியாக உள்ளே வந்தது. 1,200 வாட் இழுக்கும் பெட்டியை 12 வோல்ட் பேட்டரியில் இன்வெர்ட்டர் வைத்து ஓட்டினால் நூறு ஆம்பியருக்கு மேல் போகும். நாற்பது நிமிடத்தில் 'கீக்' என்று ஒரு சத்தம். இஞ்சின் ஸ்டார்ட் பண்ணுகிற பேட்டரியும் அதுவேதான் என்பது மறுநாள் மெக்கானிக் வந்தபோது தெரிந்தது.

அந்த நாற்பது நிமிடமும் அப்பா குழாய் வாய்க்கு நேரே, நிழலில், வலை பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கவில்லை. "எங்காத்த எட்த்து, சூடு பண்ணி, எனுக்கே குடுக்கறான் பாரு" என்றார்.

ஏசி இப்போது அக்கா வீட்டுக் கூடத்தில், மேலே துண்டு காயப்போட வசதியாக நிற்கிறது. ஜூன் 14 இரவு லாஞ்சுக்கு ஐஸ் ஏறியது. பாரை உடைக்கிற மெஷினிலிருந்து தூள் பறக்க, அப்பா கிட்டே போய் ஒரு கை அள்ளி, பிடரியில் அப்பிக்கொண்டு நின்றார்.