அக்னித் தலத்தில் ஓர் உப்புநீர் ரீல்

கரையோரக் கடல்மீன் பிடிக்கும் ராடுக்கு ரீல் தேர்ந்தெடுப்பதில் திருவண்ணாமலைவாசிக்கு உள்ள முதல் சிக்கல் கடல். அது ஊரில் இல்லை. பஞ்சபூதத் தலங்களில் இது நெருப்புக்கு உரியது. வருணன்கூடக் கிரிவலப் பாதையில் ஒரு லிங்கத்தோடு ஒதுங்கிக்கொண்டார். உப்புத் தண்ணீரைப் பார்க்க வேண்டுமானால் செஞ்சி, திண்டிவனம் வழியாகப் புதுச்சேரிக்குச் சுமார் 100 கிலோமீட்டர் போக வேண்டும். ஆனால் சாத்தனூர் அணையைத் தாண்டும் தென்பெண்ணை கடலூர் அருகே கடலில் கலக்கிறது; செஞ்சிப் பக்கத்துச் சங்கராபரணி புதுச்சேரியில் கலக்கிறது. நம்ம பக்கத்து ஆறே போகும்போது நாம் போகக் கூடாதா என்பது ரீல் வாங்க நினைப்பவரின் வாதம். வீட்டில் இது எடுபட்டதாகத் தகவல் இல்லை.

ரமணர் ‘நான் யார்’ என்று விசாரிக்கச் சொன்ன ஊரில், ரீல் வாங்குபவர் விசாரிக்க வேண்டியது மீன் யார் என்பதை. கிழங்கான், சின்னக் கெளுத்தி என்றால் 2500 அளவு ரீல் தாராளம். புதுச்சேரியில் அரியாங்குப்பம் முகத்துவாரத்திலும் சுண்ணாம்பாற்றிலும் கொடுவா, பாறை, காலா என்று கனவு காண்பவருக்கு 4000. ராடு 7 அல்லது 8 அடி இருந்தால் இதற்கு மேல் போக வேண்டாம். 6000, 8000 எல்லாம் 10 அடிக்கு மேற்பட்ட ராடில் கனமான ஈயக்குண்டை அலைக்கு அப்பால் எறிகிறவர்களுக்கானவை. அதைக் கொண்டுவந்து 7 அடி ராடில் மாட்டினால், மீன் சோர்வதற்குள் மணிக்கட்டு சோர்ந்துவிடும். இந்த எண்கள் கிலோவும் அல்ல, மீட்டரும் அல்ல. கம்பெனிகள் வைத்துக்கொண்ட அளவுக் குறிகள். 4000 என்பது விலையா என்று வீட்டில் கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுபவர்கள் உண்டு. நல்ல ரீல் விஷயத்தில் அது பெரும்பாலும் பொய்.

அடுத்தது, எந்த வகை என்பது. ஸ்பின்னிங் ரீலில் எறியும்போது நூல் சுற்றியிருக்கும் ஸ்பூல் சுழலாது. நூல் அதன் முனை வழியாக வழுக்கிக்கொண்டு போகும். ஆரணித் தறியில் நாடாவுக்குள் இருக்கும் தார் அசையாமலே நூலை விடுகிறதே, அதே வேலை. இந்த வகை ரீலுக்கு 1905இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற இல்லிங்வொர்த்தும் ஜவுளி ஆலைக்காரர்தான். பெய்ட்காஸ்டர் என்ற இன்னொரு வகையில் ஸ்பூலே சுழலும். கட்டைவிரலால் சரியான கணத்தில் அதை அமுக்கத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் நூல் கூடு கட்டும். கூட்டைப் பிரித்து நிமிர்வதற்குள் கடல் ஏற்றம் முடிந்து வற்றம் தொடங்கியிருக்கும். எப்போதோ ஒருமுறை கடலுக்குப் போகிறவருக்கு ஸ்பின்னிங்தான் சரி.

கடையில் முதலில் காதில் விழுவது பேரிங் எண்ணிக்கை. 5 இருந்தால் நல்லது, 7 இருந்தால் உயர்ந்தது, 10 இருந்தால் பிறவிப்பயன் என்பது கடைக்காரர் கணக்கு. மட்டமான பத்தைவிடத் துருப்பிடிக்காத நாலு மேல். அதைப் பெட்டிமேல் அச்சடித்தால் விற்காது. முகத்துவாரத்தில் தண்ணீர் பாட்டிலில் தங்கூஸ் நரம்பைச் சுற்றி வைத்துக்கொண்டு கொடுவா தூக்கும் பெரியவர் எப்போதும் ஒருவர் இருப்பார். அவருடைய கருவியில் பேரிங்கே கிடையாது. புது ரீல்காரரைப் பார்த்து அவர் கேட்பது ஒன்றுதான்: “தம்பி, இது என்ன விலை?”

உண்மையில் பார்க்க வேண்டியது டிராக். மீன் இழுக்கும்போது நூல் அறாமல் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கும் பிரேக் அது. நூல் தாங்கும் எடையில் நாலில் ஒன்று முதல் மூன்றில் ஒன்று வரை இழுத்தால் டிராக் வழுக்க வேண்டும். 20 பவுண்டு பிரெய்ட் நூலுக்கு அது இரண்டரை கிலோவை ஒட்டி வரும்; மீன்காரரிடம் இருக்கும் கொக்கித் தராசே அளந்து காட்டிவிடும். பெட்டியில் பெருமையாகப் போட்டிருக்கும் 10 கிலோ டிராக்கை யாராவது முழுதாக முறுக்கினால், முதலில் அறுவது 9 கிலோ தாங்கும் அந்த நூல். கேட்க வேண்டிய கேள்வி, டிராக் தொடங்கும்போது வெட்டி இழுக்கிறதா, வழுக்கிக்கொண்டு போகிறதா என்பதே. கடையிலேயே கையால் நூலை இழுத்துப் பார்க்கலாம். கடைக்காரர் முறைப்பார், பரவாயில்லை.

இனி பௌர்ணமி. அன்று ஓதம் அதிகம். வற்றத்தின்போது முகத்துவாரத்தில் இழுப்பு பலமாக இருக்கும், அடித்து வரும் சின்ன மீனுக்காகக் கொடுவா காத்து நிற்கும். அதே பௌர்ணமிக்குத்தான் ஊரே 14 கிலோமீட்டர் கிரிவலம் போகிறது. காலையில் கடலுக்குப் போகும் பஸ்ஸில் தாராளமாக இடம் கிடைக்கும். திரும்பும்போது கதை வேறு: விரதக்காரர்கள் நிறைந்த பஸ்ஸில், கையில் ராடும் பையில் மீனுமாக, அண்ணாமலை தெரியும் வரைக்கும் நின்றுகொண்டே வர வேண்டும்.

ரீலுக்கும் அந்த மூன்று மணி நேரப் பயணம்தான் சோதனை. கடற்கரை வீராம்பட்டினத்துக்காரர் வீட்டுக்குப் போன கையோடு குழாயைத் திறந்துவிடுவார். திருவண்ணாமலைக்காரரின் ரீல் உப்போடு பைக்குள் வெந்துகொண்டு வரும். அதனால் கடலோரத்துக்காரரைவிட இவருக்குத்தான் நல்ல காப்புள்ள, உள்ளே தண்ணீர் புகாத ரீல் அவசியம். கிராஃபைட் உடல் அரிபடாது, ஆனால் பெரிய மீனுக்கு வளைந்து கொடுக்கும். அலுமினியம் வளையாது, பூச்சு உரிந்த இடத்தில் வெள்ளை பூக்கும். முதலில் இறுகிப்போவது நூல் திரும்பும் இடத்தில் பெயில் என்ற வளைகம்பியோடு இருக்கும் சின்ன உருளை. வாங்கும்போதே அது விரல் பட்டதும் சுழல்கிறதா என்று பார்க்கவும். பஸ் ஏறுமுன் ஒரு பாட்டில் நல்ல தண்ணீரை, டிராக்கை இறுக்கிக்கொண்டு, ரீல்மேல் மெதுவாக ஊற்றவும். பீய்ச்சி அடித்தால் உப்பு உள்ளேதான் போகும். வீடு வந்து இன்னொரு தடவை கழுவி, நிழலில் உலர்த்தி, டிராக்கை மறக்காமல் தளர்த்தி வைக்கவும். இறுக்கியபடியே பரணில் போட்டால், அடுத்த பயணத்துக்குள் உள்ளே இருக்கும் வளையங்கள் அமுங்கிப்போயிருக்கும்.